மஞ்சள் மாத்திரையும் அம்மாவின் ஐ.என்.ஆரும்

வாசகர் கேள்வி:

"என் அம்மாவுக்கு 61 வயது. எட்டு வருடம் முன்பு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட்டை மாதம் ஒருமுறை பார்ப்போம் (எண் ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் கட்டும்). பெரும்பாலும் 2.5க்கும் 3.5க்கும் நடுவில்தான் இருக்கும். முழங்கால் வலிக்காக, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று, மஞ்சள் சாறும் மிளகுச் சாறும் சேர்ந்த காப்ஸ்யூலை இரண்டு மாதமாகக் காலையும் இரவும் போட்டிருக்கிறார். கூடவே நெல்லிக்காய் அளவு பூண்டு லேகியம். போன வாரம் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. தொடையில் நீலத் திட்டுகள். ஐ.என்.ஆர். 5.8 என்று வந்தது. 'புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?' என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா 'இல்லை' என்று சொல்லிவிட்டார். வார்ஃபரினை இரண்டு நாள் நிறுத்தச் சொல்லி, அப்புறம் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்த காப்ஸ்யூல் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அடுத்த டெஸ்ட் வழக்கம்போல அடுத்த மாதம்தான் என்று இருக்கிறோம். மூலிகையால் இப்படி ஆகுமா? இனி நாட்டு மருந்தே கூடாதா? அப்பா வேறு சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் எடுக்கிறார். இப்போதெல்லாம் பதினோரு மணி வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது என்கிறார். அம்மாவோ பயந்துபோய் ரசத்தில்கூட மிளகு போடுவதில்லை."

— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த டெஸ்ட். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் செய்து காப்ஸ்யூலையும் லேகியத்தையும் பற்றிச் சொல்லுங்கள். இந்த வாரமே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், டாக்டர் வார்ஃபரின் அளவைக் குறைத்தபோது அது மட்டும்தான் உள்ளே போகிறது என்று நினைத்துக் குறைத்தார். அம்மாவின் ஐ.என்.ஆரைக் காப்ஸ்யூலும் சேர்ந்து மேலே தள்ளியிருந்தால், இப்போது மாத்திரையும் குறைந்துவிட்டது, தள்ளிய கையும் விலகிவிட்டது. எண் சரசரவென்று இரண்டுக்குக் கீழே இறங்கலாம். மெட்டல் வால்வு மைட்ரல் இடத்தில் இருந்தால் அதில் ரத்தக்கட்டி சுலபமாகப் படியும். அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். 5.8 என்று பார்த்ததும் உங்களுக்குப் பதறியது. 1.5 என்று வந்தாலும் அதே அளவு பதற வேண்டும். ஆனால் நம் ஊரில் எண் குறைந்தால் எல்லோரும் நிம்மதியாகி விடுகிறோம்.

அதற்காக நீங்களாகவே பழைய அளவுக்கு மாத்திரையை ஏற்றிவிடாதீர்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மருந்தாளுநர். ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா என்று பார்ப்பதுதான் 27 வருடமாக என் வேலை. டோஸ் எழுதும் பேனா என் கையில் இல்லை.

டெஸ்ட் வரும்வரை சிலவற்றைக் கவனியுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ (லேசான அடியாக இருந்தாலும்) காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அதேதான். இன்னொன்றும் உண்டு. மெட்டல் வால்வு வைத்தவர்களுக்கு இரவு அமைதியில் 'டிக் டிக்' என்று அது மூடும் சத்தம் கேட்கும். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம் அது. தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது மந்தமாகிவிட்டது என்று அம்மா சொன்னால் அதை அசட்டை செய்யாதீர்கள். வால்வில் கட்டி படிவதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

சரி, மூலிகையால் இப்படி ஆகுமா? ஆகும். உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு வலுவான சந்தேகமே அந்தக் காப்ஸ்யூல்மேல்தான். ஆனால் தீர்ப்பு எழுதும் முன் வேறு சிலதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும். இந்த இரண்டு மாதத்தில் காய்ச்சல், பேதி என்று சரியாகச் சாப்பிடாமல் இருந்தாரா? ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாரா? முழங்காலுக்குத் தினமும் பாரசிட்டமால் போட்டாரா? காட்டமான வாசனையுள்ள வலித் தைலத்தைத் தினமும் அழுத்தித் தேய்த்தாரா? அந்தத் தைலங்களில் பலவற்றில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாகவே உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றிய சம்பவங்கள் உண்டு. வெளியே பூசுவதுதானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

மஞ்சளுக்கு வருகிறேன். 2018ல் நியூசிலாந்து அரசின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பான மெட்சேஃப் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சேர்ந்த மூலிகைத் தயாரிப்பு ஒன்றைச் சாப்பிட ஆரம்பித்தார். சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

"தலைமுறை தலைமுறையாக மஞ்சள் சாப்பிடுகிறோமே, நமக்கு எதுவும் ஆகவில்லையே" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சளின் முக்கியச் சத்தான கர்குமின், மஞ்சள் தூளில் தோராயமாக 3 சதவீதம். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் காப்ஸ்யூலில் இருப்பது மஞ்சள் தூள் இல்லை, 95 சதவீதம் கர்குமின் உள்ள சாறு. ஆக ஒரு காப்ஸ்யூல் என்பது ஏறக்குறைய 15 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம், டீஸ்பூன் கணக்கில் ஐந்து. காலையும் இரவும் என்றால் பத்து டீஸ்பூன். சாம்பாரில் ஒரு சிட்டிகை போடும் எந்தக் குடும்பமும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து டீஸ்பூன் மஞ்சள் சாப்பிட்டதில்லை.

அதோடு முடியவில்லை. மஞ்சளைத் தனியாக எவ்வளவு சாப்பிட்டாலும் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான், கல்லீரல் அதை வேகமாக வெளியேற்றிவிடும். 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். 2 கிராம் கர்குமினோடு, மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினை 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். உடலுக்குள் கிடைத்த கர்குமின் 2000 சதவீதம் கூடியது. இன்று பல மஞ்சள் காப்ஸ்யூல்களின் டப்பாவில் 'மிளகுச் சாறு சேர்ந்தது' என்று பெருமையாகப் போட்டிருப்பதற்கு அந்தச் சோதனைதான் மூலம். ஆனால் பைப்பரின் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. மஞ்சளை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும் அதே கை மற்ற மருந்துகளையும் பிடித்து வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் மூன்றும் பைப்பரினோடு கொடுத்தபோது ரத்தத்தில் அதிகமானதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள்.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தை ஏன் இத்தனை சூரணங்களில் சேர்த்தார்கள்? மற்ற சரக்குகளை உடம்பில் ஏற வைக்கத்தான். ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடம் இந்தத் திரிகடுகத்தைத்தான் பல வருடம் ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியில் இருந்து ஒரு காசநோய் மாத்திரையே வந்தது. 450 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய ரிஃபாம்பிசினை, 10 மில்லிகிராம் பைப்பரின் துணையோடு 200 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார்கள். தெரிந்து செய்தால் அது வைத்திய நுணுக்கம். தெரியாமல் நடந்தால் 5.8.

உடம்பில் நடப்பதை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை மோட்டார், தண்ணீர் ஏற்றுகிறது. கல்லீரல் கீழே போகும் குழாய். ஏறுவதும் இறங்குவதும் சமமாக இருக்கும்படி டாக்டர் மோட்டாரை ஓட்டும் நேரத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். யாரோ குழாயில் துணியைச் செருகினால் தொட்டி வழியும். மிளகுச் சாறு செய்வது இது. யாரோ இன்னொரு பெரிய குழாயை மாட்டினால், அதே நேரம் மோட்டார் ஓடியும் தொட்டி காலியாகும். சில மூலிகைகள் இந்த வேலையைச் செய்யும். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குக் கடைகளில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அப்படிப்பட்டது. ஜூரிச்சில் இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு பேர் அதைச் சாப்பிட்டதில், நிராகரிப்பைத் தடுக்கக் கொடுத்த சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்தில் குறைந்து, மாற்றி வைத்த இதயத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கியதாக 2000ல் செய்தி வெளியானது. நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் மும்பை. ஃபெனிடாயினில் வலிப்பு அடங்கியிருந்தவர்களுக்கு, ஞாபக சக்திக்கு என்று விற்கும் சங்கபுஷ்பி சிரப்பைக் குடித்த பிறகு மறுபடி வலிப்பு வந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் 1992ல் அதைச் சோதித்து, சிரப் ஃபெனிடாயின் அளவைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். இந்த சிரப்பைப் பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

பூண்டின் பாதை வேறு. அது ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும். ஐ.என்.ஆர். எண்ணில் இது தெரியாமலும் போகலாம், ஆனால் ஈறு கசியும். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாக நடந்திருக்கலாம்.

அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பத்தியத்தில் இருப்பவர் இலையில் அகத்தியும் வராது, பாகலும் வராது. கல்லூரியில் 'டிரக் இன்டராக்ஷன்' என்று எங்களுக்கு ஒரு முழுப் பாடம் இருந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அதற்கு எங்கள் வீட்டு அடுப்படியிலேயே பெயர் இருந்திருக்கிறது: முறிவு. அதன் மறுபக்கத்துக்கும் பெயர் உண்டு, அனுபானம். ஒரே சூரணத்தைத் தேனில் குழைத்தால் ஒரு மாதிரி, நெய்யில் குழைத்தால் ஒரு மாதிரி, வெந்நீரில் ஒரு மாதிரி என்பதெல்லாம் சித்த வைத்தியத்தின் அரிச்சுவடி. உள்ளே போகும் ஒன்று இன்னொன்றை மாற்றும் என்பதை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்த நாம்தான் இன்றைக்கு, "மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாது, எதோடு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற விளம்பரத்தை நம்புகிறோம். ஒரு சித்த மருத்துவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டப்பா விற்பவர்கள்தான் பேசுகிறார்கள்.

அகத்தி விஷயத்தில் பாட்டி சொன்னது வார்ஃபரினுக்கும் அப்படியே பொருந்தும். கரும்பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய. வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கேயை முடக்கித்தான். திடீரென்று ஒரு வாரம் முருங்கைக்கீரைப் பொரியலும் அகத்தியும் முருங்கைப் பொடியுமாகச் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும். அதற்காகக் கீரையை விடச் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் இரண்டு நாள். அந்த அளவுக்குத் தகுந்த மாதிரி டாக்டர் மாத்திரையை அமைத்துக்கொள்வார். தொந்தரவு கீரையில் இல்லை, ஒரு வாரம் ஒன்றுமில்லாமலும் மறுவாரம் கட்டுக்கட்டாகவும் சாப்பிடுவதில்தான்.

வார்ஃபரினின் பூர்வீகத்தைச் சொன்னால் அம்மாவுக்கே ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1920களில் மாடுகள் காரணமே தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடி பூஞ்சை பிடித்து, அதைத் தின்ற மாடுகள் அவை. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, ஒரு விவசாயி செத்த கன்றையும் ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் கொண்டுபோய் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கார்ல் லிங்க்கிடம் இறக்கினார். அங்கே ஆரம்பித்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954ல் மனிதருக்கு மருந்தானது. உங்கள் அம்மாவின் 'இங்கிலீஷ் மருந்து' கெட்டுப்போன வைக்கோலில் இருந்து வந்தது. அப்புறம் எங்கே மூலிகை ஒரு கட்சி, மாத்திரை ஒரு கட்சி?

இனி அம்மா சொன்ன அந்த 'இல்லை'. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மொழியில் மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்து மெடிக்கலில் வாங்குவது. கஷாயம், லேகியம், பொடி எல்லாம் 'சாப்பிடறது'. டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, உள்ளே இரண்டு நிமிஷத்தில் கேட்கப்பட்ட ஒற்றைக் கேள்வி அது. போதாக்குறைக்கு நாட்டு மருந்து என்று வாயெடுத்தாலே திட்டும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் மறுமுறை சொல்வாரா? கவுண்டரில் நான் 'வேற மருந்து உண்டா' என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "கஷாயம், சூரணம், லேகியம், சத்துப் பொடி ஏதாவது? சொந்தக்காரங்க கொடுத்தது? வாட்ஸ்அப்புல பார்த்துச் செஞ்சது?" என்றுதான் கேட்பேன். கேட்டவுடன் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் பட்டியல் வரும்.

இதில் நான் ரொம்பப் புத்திசாலி என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமனார் ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபினும், சிறுநீர் பிரிய ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மார்கழியில் அழுத்தம் 170/100க்குப் போய்விட்டது. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, படியேற முடியவில்லை என்றார். பொட்டாசியம் பார்த்தால் ரொம்பக் குறைந்து வெறும் 2.9. ஒரு மாத்திரை கூடியது, இன்னொன்று சேர்ந்தது, அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. மூன்று வாரம் இந்தக் கூத்து. கடைசியில் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இருந்து என் மனைவி நாலைந்து குச்சிகளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதிமதுரம். மார்கழி பஜனைக்குத் தொண்டை கட்டக் கூடாது என்று நாள் முழுக்க மென்றுகொண்டே இருந்திருக்கிறார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கும். அப்போது உடம்பு உப்பைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே கொட்டும். சிறுநீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொட்டுவதுதான். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அவருக்கு எதிரே உட்கார்ந்து தினமும் காபி குடித்தவனும் நானே. குச்சியை நிறுத்திய இரண்டு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆனது. மாமனார் மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. குளிர்தான் காரணமாம்.

அடுத்து உங்கள் அப்பா. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதுவும் இந்த வாரமே பார்க்க வேண்டியதுதான். பதினோரு மணிக்குக் கை நடுங்கி வியர்ப்பது தாழ் சர்க்கரையாக இருக்க அதிக வாய்ப்பு. சர்க்கரை மாத்திரை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அட்டையில் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு என்று 'கிளி'யில் ஆரம்பிக்கும் பெயர் இருக்கிறதா பாருங்கள். அவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைப்பவை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் தாழ் சர்க்கரை அபூர்வம்.

சிறுகுறிஞ்சான் சாதாரணமானதல்ல. அந்த இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. சின்ன வயதில் நாங்கள் பந்தயம் கட்டி மென்றிருக்கிறோம். ஆனால் அதன் வேலை நாக்கோடு நிற்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990ல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுகுறிஞ்சான் சாற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலருக்கு மாத்திரையைக் குறைக்க வேண்டி வந்தது. 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. சிறுகுறிஞ்சானை ஆதரித்துப் பேசுபவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். நானும் இதையேதான் சொல்கிறேன். அது வேலை செய்கிறது. அதனால்தான் கணக்கில் வராமல் மாத்திரையோடு சேரக் கூடாது. அந்த ஆய்வில் கண்காணித்துக்கொண்டே மாத்திரையைக் குறைத்தார்கள். உங்கள் அப்பா முழு மாத்திரையும் போட்டு, பொடியும் தின்று, பாகல் சாறும் குடித்துவிட்டு, பதினோரு மணிக்கு வெயிலில் நிற்கிறார்.

அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் பார்க்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை பொடியையும் சாற்றையும் நிறுத்தி வையுங்கள், மாத்திரையை அல்ல. பாகற்காயைக் குழம்பாகவும் வறுவலாகவும் எப்போதும்போல் சாப்பிடட்டும்.

நாட்டு மருந்தே கூடாதா என்று கேட்டீர்கள். அப்பாவுக்கு அந்தத் தடை இல்லை. அவருக்குச் சிறுகுறிஞ்சான்தான் வேண்டும் என்றால் சர்க்கரை டாக்டரிடம் சொல்லி, அளந்து பார்த்துச் செய்யலாம். அம்மாவுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்வேன். மெட்டல் வால்வும் வார்ஃபரினும் இருக்கும்வரை காப்ஸ்யூலாக, சாறாக, செறிவாக வரும் எந்த மூலிகையும் வேண்டாம். இந்த மருந்தில் பிழைக்கு இடம் அவ்வளவு குறைவு. சித்த வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பட்டம் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். வார்ஃபரின் சீட்டையும் ஐ.என்.ஆர். நோட்டையும் அவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். இதயத்தில் வால்வு இருக்கிறது என்று தெரிந்தால் எதைத் தரக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் வாங்கிய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மருந்து உரிமம் இருக்காது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்தான் இருக்கும். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். முழங்கால் வலிக்கு என்று வாய்ச்சொல்லில் விற்கப்படும் பொருளில் இப்படி ஒரு வரி!

உங்கள் உறவில், தெருவில் இருப்பவர்களுக்காக இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அமுக்கராவை (அஸ்வகந்தா) யாரையும் கேட்காமல் எடுக்கக் கூடாது, அது தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சீந்திலும் பம்பளிமாஸ் பழமும் ஆகாது. முதலாவது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும், அவர்களுக்கோ அது அடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது, அந்தச் சக்தியை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இசப்கோல் எடுப்பவர்கள் மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் பூண்டு, மஞ்சள் காப்ஸ்யூல் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் மூட்டுவலி பறந்துபோகும் பொடி என்று யாராவது கொடுத்தால், பறந்தது மூலிகையால் இல்லை, உள்ளே அரைத்துப் போட்ட ஸ்டீராய்டால் என்று சந்தேகப்படுங்கள். 'ஆண்மைக்கு மூலிகை' என்று வரும் சிலவற்றில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பதைப் பல நாட்டு அரசுகள் பிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்து. இதைப் பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அத்தனையையும் அள்ளிப் போடுங்கள். மாத்திரை அட்டை, காப்ஸ்யூல் டப்பா, லேகிய பாட்டில், தைலம், காகிதத்தில் மடித்த பொடி எல்லாம். பெயர் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. மேசையில் கொட்டினால் போதும். எப்போது ஆரம்பித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று தேதியை மட்டும் எழுதி வையுங்கள். நடந்ததை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண்ணான 1800-180-3024க்கும் சொல்லலாம், பொதுமக்களே பதியலாம். உங்களுடையது போன்ற சம்பவங்கள் பதிவானால்தான் அடுத்த ஆளுக்கு எச்சரிக்கை வரும்.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இல்லையா? காப்ஸ்யூலை நிறுத்தியதும் அம்மா மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கப் போவார். அதைத் தடுத்துவிடுங்கள். டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையறாக்கள் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். அவையும் ஆபத்துதான். பாரசிட்டமால் எப்போதாவது போடலாம், தினமும் என்றால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், ஆனால் தோல் சுடாமல். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கூட்டிப்போய்த் தொடைத் தசைப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் பயிற்சிதான். காசு செலவில்லாததால் யாருக்கும் அதில் நம்பிக்கை வருவதில்லை.

அப்புறம் அந்த ரசம். மிளகு போடச் சொல்லுங்கள். வழக்கமாகத் தட்டிப் போடும் இரண்டு பல் பூண்டையும், அந்தச் சிட்டிகை மஞ்சளையும் போடட்டும். எட்டு வருடமாக அதே ரசத்தைச் சாப்பிட்டுத்தான் அவருடைய ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நின்றது.